வரிசையில் இல்லாத ஆள்

என் மகன் டேனியின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. அவனுடைய பட்டாலியனிலிருந்து வெளிநாட்டு அமைதிப்படைக்குப் போகிறவர்களில் அவனும் ஒருவன். லீவில் வந்தவன் பையைத் திறந்ததும் முதலில் எடுத்துக் காட்டியது புது நீலத் தொப்பியைத்தான். திருப்போரூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அவன் அப்பா அதை வாங்கித் தன் வழுக்கையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

"இன்னா மேரி, நான் போய் நின்னா சண்ட நின்னுடுமா?"

"நீ போனா நிக்காதுபா. ஆரம்பிச்சிடும்" என்றான் டேனி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. "ஏம்மா மூஞ்சிய அப்டி வச்சிகினு கீற? நீயும் போய்ட்டு வந்தவதான?" என்று கேட்டான். உலையில் அரிசி போட வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அதே வாரம் எங்கள் நர்சிங் கல்லூரி மலருக்காக ஜூனியர் பெண் ஒருத்தி கூப்பிட்டாள். "மேடம், நீங்க ஆப்பிரிக்கா மிஷனுக்குப் போனீங்களாமே, அதைப் பத்தி ஜாலியா ஒண்ணு எழுதிக் குடுங்க. ஒட்டகச்சிவிங்கி ஃபோட்டோ இருந்தா அனுப்புங்க." நான் அங்கே இருந்தவரை ஒரு ஒட்டகச்சிவிங்கியைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. ஜாலியாக இல்லாவிட்டால் அந்தப் பெண் மன்னிக்கட்டும்.

என் சர்வீஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் ப்ளஸ் டூ முடித்தேன். அப்பா பிறர் நிலத்தில் நாற்று பிடுங்கியவர். சர்ச்சில் ஒரு அக்கா ராணுவ நர்சிங் கல்லூரி நுழைவுத்தேர்வு பற்றிச் சொன்னார், எழுதினேன், கிடைத்தது. நான்கு வருடம் படிப்பு. பயிற்சி என்றால் பெரும்பாலும் நின்றதுதான் நினைவிருக்கிறது: வார்டில் நின்றது, அணிவகுப்பில் நின்றது, திட்டு வாங்க நின்றது. பிறகு ஜம்மு, அசாம், புனே, மறுபடி ஜம்மு. பனியில் கறுத்துப்போன விரல்கள், மலேரியா, பிரசவங்கள். டேனி பிறந்தபோது திருக்கழுக்குன்றத்து வீட்டில் மூன்று மாதம் இருந்தேன், பிறகு அவனை அவன் அப்பாதான் வளர்த்தார். அவன் ஒன்பதாவது படிக்கும்போது எனக்கு மிஷன் வந்தது.

அமைதிப்படை என்ற சொல் தமிழ்க் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்வது வேறு ஒன்றைப் பற்றி. பல நாட்டு ராணுவங்கள் ஆள் அனுப்பி, எல்லோரும் ஒரே நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சண்டை நடக்கும் நாட்டில் குறுக்கே நிற்கும் படை அது. எந்த நாடு என்று எழுத மாட்டேன். ஆப்பிரிக்காவின் நடுவில் ஒரு பெரிய ஏரி, அதன் கரையில் ஒரு ஊர். சண்டைக்குப் பயந்து மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஊருக்கு வெளியே தார்ப்பாய்க் கூடாரங்களில் இருந்தார்கள். எங்களுடையது இந்தியக் கள மருத்துவமனை. பக்கத்து மேட்டில் இன்னொரு நாட்டின் காலாட்படை முகாம். அந்த நாட்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் படிப்பவர்கள் அந்த நாட்டைத் திட்டிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள்.

அந்த ஏரி எனக்குப் பிடித்திருந்தது. கடற்கரையில் இருக்கும் கடப்பாக்கம் என் அம்மா பிறந்த ஊர். அங்கே போலக் கருவாடு காயும் வாடை அந்த ஏரிக்கரையிலும் அடித்தது. நெத்திலி மாதிரியே ஒரு பொடி மீனைப் பாறைமேல் காயப்போட்டிருப்பார்கள். வேலை முடிந்த சாயங்காலங்களில் அந்த வாடை வந்தால் கரைவரை நடந்துவிட்டு வருவேன். அங்கே இருந்தபோது இந்தக் கடற்கரைக்கு ஏங்கினேன். இப்போது இங்கே உட்கார்ந்துகொண்டு அந்த ஏரிக்கு ஏங்குகிறேன். மனுஷ மனசுக்கு இருக்கும் இடம் போதாது போலிருக்கிறது.

மருத்துவமனைக்குத் தலைமை ஒரு பெண் கர்னல், மகப்பேறு மருத்துவர். ஒல்லி, குரல் தாழ்ந்தது. கோபம் வந்தால் இன்னும் தாழும். அதனால் அவர் கிசுகிசுக்க ஆரம்பித்தாலே வார்டு நடுங்கும். நோயாளியைவிட உயரமாக உட்கார மாட்டார். அவருக்கென்று ஒரு குட்டை ஸ்டூல் இருந்தது. அதைக் கையிலேயே தூக்கிக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போவார். எங்கள் நர்சிங் அசிஸ்டென்ட் ஹவில்தார் முனுசாமி, செய்யூர்ப் பக்கத்துக்காரர், என்னிடம் தமிழில் சொல்வார்: "கர்னல் மேடம் பால் கறக்கக் கெளம்பிட்டாங்க சிஸ்டர்." கர்னலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு நாள் திரும்பிப் பார்த்து, "ஹவில்தார் சாப், மாட்டைப் பற்றித்தானே சொன்னீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார். அன்றைக்கு முனுசாமி மத்தியானம் சாப்பிடவில்லை.

நீமாவை எனக்கு முதலில் கருவாட்டுக்காரியாகத்தான் தெரியும். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். கூடாரங்களில் இருந்தவள். காலையில் மருத்துவமனை வாசலில் கூடையோடு உட்காருவாள். நான் வாங்கிய கருவாட்டை நம் ஊர் மிளகாய்த்தூள் போட்டு வறுத்து ஒரு நாள் அவளுக்குக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வர, தும்மித் தும்மித் தின்றுவிட்டு, எங்கள் மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அந்த அம்மா சொன்னார்: "உங்கள் ஊரில் மீனை ஏன் இரண்டாவது தடவை கொல்கிறீர்கள் என்று கேட்கிறாள்." மொழிபெயர்ப்பாளர் அம்மாவை எல்லோரும் மாமா சுசான் என்று கூப்பிடுவார்கள். அங்கே அம்மாவுக்கு மாமா என்று பெயர். முதல் வாரம் முழுக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

கூடாரங்களுக்குத் தண்ணீர் அந்த மேட்டு முகாமிலிருந்து டேங்கர் லாரியில் வரும். பெண்கள் மஞ்சள் கேன்களை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்பார்கள். குழாயைத் திறப்பதும் மூடுவதும் லாரியில் வரும் சிப்பாய்கள் கையில். யாருக்கு முதலில், யாருக்கு முழுக் கேன், யாருக்கு நாளைக்கு என்பதும் அவர்கள் கையில். இதை நாங்கள் தினமும் பார்த்தோம். தண்ணீர் கொடுக்கிறார்கள் என்றுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு காலை நீமா கூடை இல்லாமல் வந்தாள். மாமா சுசானின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். டேங்கர் நிரப்பும் பம்ப் ஷெட்டில் ஒரு சிப்பாயால் தனக்கு என்ன நடந்தது என்பதை அவள் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். நான் அதைக்கூட எழுத மாட்டேன். அவளுடையது அது.

அந்தப் பரிசோதனையைக் கர்னல் செய்த விதத்தை மட்டும் எழுதுகிறேன், இதைப் படிக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்காக. முதலில் அறையில் தேவையில்லாத எல்லோரையும் வெளியே அனுப்பினார். குட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தன் பெயரைச் சொன்னார், என் பெயரைச் சொன்னார். என்ன செய்யப் போகிறோம், எதற்கு, எது வலிக்கும், எது வலிக்காது என்று ஒவ்வொன்றையும் சொல்லி, மாமா சுசான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு பரிசோதனை விளக்கை நீமாவின் கையிலேயே கொடுத்தார். "நான் நிறுத்த வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் விளக்கை அணைத்துவிடு. வாயால் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம் இல்லாமல் என்னால் எதுவும் செய்ய முடியாது" என்றார். நீமா பலமுறை அணைத்தாள். ஒவ்வொரு முறையும் கர்னல் கையை எடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், அவளாக விளக்கைப் போடும்வரை உட்கார்ந்திருந்தார். வெளியே நோயாளிகள் வரிசையாகக் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. துணிகளைத் தனித்தனிக் காகிதப் பையில் போடச் சொன்னார். பிளாஸ்டிக் கூடாது, ஈரம் நின்று தடயம் கெட்டுவிடும். ஒவ்வொரு பையையும் ஒட்டி, முத்திரை வைத்து, நானும் அவரும் கையெழுத்திட்டோம். நோய்த்தொற்றுத் தடுப்பு மாத்திரையின் முதல் வேளையை அவளே தன் கையால் எடுத்து விழுங்கினாள்.

"ஆள் யார் என்று தெரியுமா?" என்று கடைசியில்தான் கேட்டார்.

"பெயர் தெரியாது. பார்த்தால் தெரியும்" என்றாள் நீமா.

இதற்குப் பிறகு நடந்ததை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அன்று மத்தியானமே கர்னல் என்னையும் கூட்டிக்கொண்டு மேட்டு முகாமுக்குப் போனார். அதன் கமாண்டர் எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் வரவழைத்தார். மரியாதையான மனிதர். தேநீர் நன்றாகவே இருந்தது. டேங்கர் லாரியில் போன ஆட்களை இப்போதே அந்தப் பெண் முன்னால் நிறுத்துங்கள் என்று கர்னல் கேட்டார்.

"மேடம், நீங்கள் மருத்துவமனை. உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை" என்றார் அவர். "எனக்கும் இல்லை. என் ஆட்கள் எங்கள் நாட்டுச் சட்டத்துக்கு மட்டும்தான் கட்டுப்பட்டவர்கள். விசாரிப்பதென்றால் எங்கள் நாட்டிலிருந்து அதிகாரி வர வேண்டும். அப்படித்தான் ஒப்பந்தம்."

"அவர் எப்போது வருவார்?"

"நான் எழுதிக் கேட்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். என் பையன்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. ஒப்பந்தம் அப்படித்தான். சட்டம் என்று சொல்லப் பெரிய புத்தகம் எதுவும் வேண்டாம். எந்த நாட்டுச் சிப்பாயோ அந்த நாடுதான் தண்டிக்கலாம். சம்பவம் நடந்த ஊர்ப் போலீஸ் தொட முடியாது. மிஷன் தலைமை அதிகபட்சம் அவனை வீட்டுக்கு அனுப்பலாம். கர்னல் திரும்பி வரும் வழியில் வண்டியில் கிசுகிசுப்பாகத்தான் பேசினார். "மேரி, நம் ஆட்களில் ஒருவன் செய்திருந்தாலும் இதே தேநீர்தான் வந்திருக்கும். அதை மறந்துவிடாதே."

மிஷன் தலைமையகத்துக்கு அறிக்கை போனது. விசாரணை அதிகாரி வருவார் என்று பதில் வந்தது. நாங்கள் காத்திருந்தோம். நீமா வார்டில் ஒரு மூலைப் படுக்கையில் இருந்தாள், பிறகு மாமா சுசானின் வீட்டுக்குப் போனாள். டேங்கர் தண்ணீரை அவள் தொடவில்லை. கேனைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கு நடந்து போய் மொண்டு வருவாள். தினமும் என்னைப் பார்க்க வருவாள். எனக்கு அவள் மொழியில் பத்து வார்த்தை, அவளுக்கு ஹிந்தியில் நாலு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு எப்படி அவ்வளவு பேசினோம் என்று தெரியவில்லை. என் தலைமுடியை அவிழ்த்துப் பின்னுவாள், எண்ணெய் வைத்த முடி குதிரைவால் மாதிரி நழுவி நழுவிப் போகும், எண்ணெய்க் குதிரை என்று திட்டுவாள். ஒவ்வொரு நாளும் போகும்போது ஒரே கேள்வி: "வந்துவிட்டாரா?"

அதிகாரி வருவதற்குள் மேட்டு முகாமுக்கு மெடல் நாள் வந்தது. மிஷனில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாட்டுப் படை தன் காலத்தை முடித்து ஊர் திரும்பும்முன் அணிவகுத்து நிற்கும். தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து எல்லோர் மார்பிலும் ஆளுக்கொரு மெடல் குத்துவார். யார் என்ன செய்தார்கள் என்ற கணக்கில்லை, இருந்தவர்களுக்கெல்லாம் மெடல். வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் பார்க்க ஒரு ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். அன்றைக்கு அந்த டியூட்டி எனக்கும் முனுசாமிக்கும் விழுந்தது. பேண்டு வாத்தியம் ஊர் முழுக்கக் கேட்டது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. ஷேவ் செய்த, ஊருக்குப் போகும் சந்தோஷத்தில் இருக்கும் முகங்கள்.

"இதுல எவன் சிஸ்டர்?" என்றார் முனுசாமி.

"அவளுக்குத்தான் தெரியும்."

"அவ அங்க மாமா சுசான் வூட்ல குந்திகினு கீது. இவன் இங்க மெடல் வாங்கிகினு கீறான்." முனுசாமிக்கும் ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள்.

மறுநாளிலிருந்து விமானங்கள் வந்தன. பழைய ஆட்கள் ஏறிப் போனார்கள், அதே நாட்டின் புது ஆட்கள் இறங்கினார்கள். அதே முகாம், அதே பெயர்ப்பலகை, அதே டேங்கர் லாரி.

விசாரணை அதிகாரி அதற்குப் பிறகுதான் வந்தார். களைத்த, நல்ல மாதிரியான மனிதர். நீமாவுக்கு நாற்காலி போட்டார், குடிக்கப் பழரசம் கொடுத்தார். அவள் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு, அடையாள அணிவகுப்பு என்றார். எங்களுக்குப் புரியவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டு முகாமுக்கே போனார். மைதானத்தில் அந்தப் படைப்பிரிவை நிறுத்தியிருந்தார்கள். புது ஆட்களை.

கர்னல் அவர் பக்கத்தில் போய் நின்று, மிகத் தாழ்ந்த குரலில், "இவர்கள் அவர்கள் இல்லை" என்றார்.

"தெரியும் மேடம்."

"பிறகு?"

"புகாரில் படைப்பிரிவின் பெயர் இருக்கிறது. அந்தப் படைப்பிரிவைப் புகார் கொடுத்தவரிடம் காட்டச் சொல்லி எனக்கு உத்தரவு. இதுதான் அந்தப் படைப்பிரிவு."

வெளியே இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ராணுவத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், எங்களுக்கு அது பைத்தியக்காரத்தனம் இல்லை. எங்கள் பழக்கத்தில் ஆள் மாறுவான், செத்துப்போவான், ரிடையர் ஆவான், பிரிவு அப்படியே இருக்கும். நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஜெயித்த சண்டையை 'நாம் ஜெயித்தோம்' என்று சொல்லித்தான் சிப்பாயை வளர்க்கிறோம். அப்படியே பழகிய மூளைக்கு, அந்தப் பிரிவைக் காட்டிவிட்டால் ஆளைக் காட்டியது போலத்தான்.

நீமா நடந்தாள். பக்கத்தில் மாமா சுசான், இரண்டடி பின்னால் நான். எல்லோரும் தொப்பியோடு விறைப்பாக நின்றார்கள். பாதிப் பேர் அப்போதைய டேனியைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். எதற்கு நிற்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள் போல. ஒருவன் அவள் எதிரே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். எந்தத் தப்பும் செய்யாத அந்தப் பையன்களையும் அந்த வெயில் சுட்டது. அவள் ஒவ்வொரு முகத்தையும் முழுசாகப் பார்த்தாள். அவசரமே படவில்லை. நல்லபடியாகப் பார்த்தால் அவன் கிடைத்துவிடுவான் என்று நம்பினாள். பாதி வரிசை தாண்டியதும் அவள் நடை தளர்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஆனாலும் கடைசி ஆள்வரை போனாள். போய், திரும்பி, மாமா சுசானிடம் சொன்னாள்: "இவர்களை இன்னும் இந்த ஊர் வெயில் கறுப்பாக்கவே இல்லையே."

அதிகாரி என்ன எழுதினார் என்பதை அவரே படித்துக் காட்டினார். புகார் கொடுத்தவர் படைப்பிரிவைப் பார்வையிட்டார், எவரையும் அடையாளம் காட்ட இயலவில்லை. சாட்சிக் கையெழுத்துக்குக் கர்னலிடம் நீட்டினார்.

"அந்த ஆட்கள் இங்கே இல்லை என்பதையும் எழுதுங்கள், போடுகிறேன்" என்றார் கர்னல்.

"அதற்கு இதில் இடமில்லை மேடம்."

கர்னல் போடவில்லை. இன்னொருவர் போட்டார்.

வண்டியில் திரும்பும்போது முனுசாமிதான் வாயைத் திறந்தார். "ஆளு ஊருக்குப் பூட்டான். தொப்பி மட்டும் நின்னுகினு கீது சிஸ்டர்." கர்னல் என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. தலைமையகத்துக்கு மறுபடி மறுபடி எழுதினார். ஆட்கள் இன்ன நாட்டில் இருக்கிறார்கள், படம் அனுப்பச் சொல்லுங்கள், அந்தப் பெண் பார்த்துச் சொல்லட்டும், டேங்கரில் போனவர்கள் யாரென்று அந்த ராணுவத்துக்கே தெரியும் என்று. அந்த நாட்டைக் கேட்டிருக்கிறோம் என்று ஒரு பதில் வந்தது. பிறகு, அடையாளம் காணப்படாததால் மேல் நடவடிக்கைக்கு வழியில்லை என்று ஒரு பதில். அந்த நாட்டிலிருந்து எந்தப் பதிலும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் நீமா வந்தாள். வழக்கம்போல முடியைப் பின்னினாள். பின்னிக்கொண்டே மாமா சுசான் மூலமாகக் கேட்டாள்.

"அவனுடைய நாடு உங்கள் ஊருக்குப் பக்கமா?"

"இல்லை, தூரம்."

"இங்கிருந்து பஸ் போகுமா?"

"போகாது நீமா. நடுவில் கடல் இருக்கிறது."

"அங்கே போலீஸ் ஸ்டேஷன் இருக்குமா?"

"இருக்கும்."

"நான் போய்ச் சொன்னால் எழுதிக்கொள்வார்களா?"

மாமா சுசான் இதை எனக்குச் சொல்லிவிட்டு, என் பதிலுக்காகக் காத்திராமல் தானே அவளுக்கு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நீமா பின்னலை முடித்து, நுனியைக் கட்ட நூல் இல்லாமல், தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள்.

அவ்வளவுதான். அடுத்த சில வருடங்கள் மாமா சுசான் பண்டிகைக்குப் பண்டிகை ஃபோன் செய்வார். நீமா ஏரியின் தென்கரையில் ஒரு ஊருக்குப் போய்விட்டாள், சந்தையில் மீன் விற்கிறாள் என்று ஒரு தடவை சொன்னார். பிறகு அந்த நம்பர் எடுக்கவில்லை. கர்னல் ரிடையராகி வடக்கே இருக்கிறார். பேசினால் உடம்பு விசாரிப்போம், பிள்ளைகளை விசாரிப்போம், பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். அவள் எப்படி இருக்கிறாளோ என்பதுதான் அந்தச் சும்மா.

டேனி கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, மாமல்லபுரம் போகலாம் என்றான். கடற்கரையில் வறுத்த மீன் வாங்கிக்கொண்டு கூட்டம் குறைந்த பக்கமாக உட்கார்ந்தோம். அங்கேதான் அவனுக்கு முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே எழுதியதைத்தான்.

"ஏம்மா இத்தினி வருசமா சொல்லல?"

"நீ அப்ப சின்னப் பையன்டா. ஃபோன் பண்ணா சிங்கம் பாத்தியா சிங்கம் பாத்தியான்னு அதையே கேப்ப."

"பாத்தேன்னு சொன்னியேமா!"

"சும்மா சொன்னேன்."

"அட போமா. கிளாஸ் பூரா சொல்லி வச்சிருந்தேன், எங்கம்மா சிங்கத்துக்கு ஊசி போட்டாங்கன்னு."

சிரித்தோம். சிரித்து முடித்ததும் கேட்டுவிட்டேன். "உன் கூட்டாளி எவனா ஒருத்தன் இப்டி பண்ணான்னு வை. நீ இன்னா பண்ணுவ?"

"எங்க பசங்க அப்டி இல்லமா."

"அந்த கமாண்டரும் அதத்தான்டா சொன்னாரு."

அவன் முகம் சுருங்கியது. மீனைக் கீழே வைத்தான். ஒரு வெளிநாட்டுக் குடும்பம் எங்களைத் தாண்டிப் போனதும் நான் மறுபடி கேட்டேன்.

"அவன் பேர சொல்லுவியா?"

"கஷ்டம்மா" என்றான். "ஒண்ணா தின்னு, ஒண்ணா படுத்து... கஷ்டம். ஆனா நீ கேட்டது மண்டையிலயே நிக்கும்."

உடனே 'சொல்வேன்' என்றிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இதை நம்பினேன். நம்பியும் பயம் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான். "அவ மீன் விக்கிற ஊரு பேரு இன்னான்னு சொன்ன?" சொன்னேன். ஃபோனை எடுத்து வரைபடத்தில் தேடினான். அவன் போகப்போவது அதே நாடு என்று எனக்கு முன்னமே தெரியும். ஆனால் அவன் நிமிர்ந்து, "எங்க கேம்ப்லர்ந்து கிட்டதாம்மா. வண்டில ரெண்டு மூணு மணி நேரம்" என்றபோதுதான் அது எவ்வளவு பக்கம் என்று தெரிந்தது.

"நான் போய் பாத்துட்டு வரேன்மா. சந்தைல கேட்டா சொல்ல மாட்டாங்களா? உன்னையும் வீடியோ கால்ல காட்றேன்."

எத்தனையோ வருடமாக இதற்குத்தான் காத்திருந்தேன் என்று அந்த நொடியில் தெரிந்தது. அவள் முகம், அவள் தும்மல், எண்ணெய்க் குதிரை என்ற அந்தக் குரல். கல்யாணம் ஆகியிருக்குமா, பிள்ளைகள் இருக்குமா. என் பையன் போய் நின்றால் எல்லாம் தெரிந்துவிடும். சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அப்போதுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். வெள்ளை வண்டி வந்து சந்தையில் நிற்கிறது. நீலத் தொப்பியோடு ஒரு வாலிபன் இறங்கி, மீன் விற்கிற பெண்களிடம் அவள் பெயரைச் சொல்லி, அவள் எங்கே என்று கேட்கிறான்.

"வேணாண்டா."

"ஏம்மா?"

"இந்த டிரஸ்ல நீ அவ எதிர்ல போய் நிக்கக்கூடாது."

"நான் அவன் இல்லமா." என் பையனைக் காயப்படுத்திவிட்டேன்.

"எனுக்குத் தெரியும் கண்ணு. அவளுக்கு எப்டித் தெரியும்?"

அவன் ஃபோனை என்னிடம் நீட்டினான். மேலேயிருந்து எடுத்த படம். ஏரி கரும்பச்சையாக, தென்கரையில் ஒரு மண் சாலை, இரண்டு பக்கமும் தகரக் கூரைகள், நடுவில் சந்தையாக இருக்கலாம் என்று தோன்றிய ஒரு திறந்த இடம். அதில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. ஆட்களா, கூடைகளா என்று புரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணு" என்றேன்.

"இதுக்கு மேல ஆவாதுமா."

பரவாயில்லை என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, திரை அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.